லிஸ்ட்டுக்குள் லிஸ்ட்: சார்ட் தப்பாக வந்தால் எங்கே பார்க்க வேண்டும்

லிஸ்ட்டுக்குள் இருக்கும் லிஸ்ட்டை நாம் நினைத்த வரிசைக்குக் கொண்டுவருவது, அதாவது சார்ட் செய்வது, பார்க்கச் சின்ன வேலைதான், ஆனால் "கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று என்னைக் கூப்பிடுகிற பிழைகளில் பாதிக்கு மேல் இதுவாகத்தான் இருக்கும். புதிது புதிதாக எதுவும் வருவதில்லை, அதே பத்துப் பன்னிரண்டு கோளாறுகள் ஆள் மாற்றி ஆள் வருகின்றன. அதனால் அறிகுறி வாரியாக எழுதி வைத்துவிட்டேன். உங்கள் பிரச்சினை எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போய்விடுங்கள். சுலபமான காரணம் முதலில் இருக்கும், நேரம் பிடிப்பது பின்னால் வரும்.

பெரும்பாலும் பைத்தானை வைத்துச் சொல்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட், ஜாவா, சி பிளஸ் பிளஸ் வேறுபடும் இடங்களில் அதையும் சொல்கிறேன். கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

சார்ட்டைத் தொடாதீர்கள். எதை வைத்து ஒப்பிட வேண்டும் என்று சொல்லக் கீ என்று கொடுத்திருக்கிறீர்களே, அந்த ஃபங்ஷனை மட்டும் தனியாக எடுத்து, தப்பான இடத்தில் வந்து நிற்கிற நான்கைந்து உள் லிஸ்ட்டுகள் மேல் ஓட்டி, அது என்ன திருப்பித் தருகிறது என்று பிரிண்ட் செய்யுங்கள். சும்மா பிரிண்ட் செய்தால் போதாது, ரெப்ர் போட்டுப் பிரிண்ட் செய்யுங்கள், அப்போதுதான் மேற்கோள் குறிகள் தெரியும். உதாரணத்துக்கு இந்த லிஸ்ட்:

[["கயல்", "9"], ["மாறன்", "10"], ["எழில்", "85 "]]

இரண்டாவது இடத்தை வைத்துச் சார்ட் செய்கிறீர்கள் என்றால் கீ தருவது '9', '10', '85 '. மேற்கோள் குறி இருக்கிறது, அப்படியென்றால் அது எண் இல்லை. மூன்றாவதில் 85-க்குப் பின்னால் ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரெப்ர் இல்லாமல் பிரிண்ட் செய்திருந்தால் இரண்டுமே கண்ணில் படாது, நீங்கள் அரை நாள் சார்ட்டையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். சார்ட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, கோளாறு கிட்டத்தட்ட எப்போதும் கீ தருகிற மதிப்பில்தான் இருக்கிறது. ஒப்பிடும் ஃபங்ஷன் எழுதுகிற மொழிகளில் அந்த ஃபங்ஷனையே இரண்டு உறுப்பு கொடுத்து இதே மாதிரி ஓட்டிப் பாருங்கள்.

## சார்ட் செய்த பிறகு லிஸ்ட்டே காணோம், நன் மட்டும் இருக்கிறது

லிஸ்ட்டின் சார்ட் இருந்த இடத்திலேயே மாற்றிவிட்டு நன் (பைத்தானில் "மதிப்பு எதுவும் இல்லை" என்பது) என்று திருப்பித் தரும். அதை எடுத்து அதே பெயருக்குக் கொடுத்துவிட்டால் லிஸ்ட் கையை விட்டுப் போய்விடும். பெயருக்குக் கொடுப்பதை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் சார்ட்டட் பயன்படுத்துங்கள், அது புது லிஸ்ட் தரும். இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

## எரர் எதுவும் இல்லை, ஆனால் வரிசை துளிகூட மாறவில்லை

முதல் காரணம், மேலே சொன்னதன் மறுபக்கம்: சார்ட்டட் கூப்பிட்டிருக்கிறீர்கள், அது தந்த புது லிஸ்ட்டை எங்கும் வாங்கி வைக்கவில்லை.

அது சரியாக இருந்தால் கீ எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பைத் தருகிறதா என்று பாருங்கள். லாம்டாவுக்குப் பதிலாக ஃபங்ஷனை டெஃப் போட்டு எழுதிவிட்டு ரிட்டர்ன் போட மறந்தால் எல்லாக் கீயும் நன் ஆகிவிடும். நன்னில் எது சிறியது என்று ஒப்பிட்டால் எரர் வரவேண்டுமே என்று கேட்கலாம், ஆம், உறுப்பு இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் எரர் வரும். ஆனால் அந்த ஃபங்ஷன் டியூப்பிளுக்குள் (மாற்ற முடியாத லிஸ்ட் போன்றது) நன்னைப் போட்டுத் தந்தால் எரர் வராது. டியூப்பிள்கள் ஒப்பிடப்படும்போது முதலில் எங்கே வேறுபடுகின்றன என்றுதான் பார்க்கும், வேறுபாடே இல்லை என்றால் சமம் என்று விட்டுவிடும்.

மூன்றாவது காரணம் ரொம்பப் பேரை ஏமாற்றியிருக்கிறது. அடிக்கடி வருவது முன்னால் வரட்டும் என்று, சார்ட் ஆகிற அதே லிஸ்ட்டின் கவுண்ட்டையே கீயாகக் கொடுப்பது. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் சிபைத்தானில் சார்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த லிஸ்ட் வெளியிலிருந்து பார்த்தால் காலியாகத் தெரியும். கவுண்ட் எல்லாவற்றுக்கும் 0 தரும், வரிசை அப்படியே இருக்கும். கவுண்ட்டுக்குப் பதில் இண்டெக்ஸ் பயன்படுத்தியிருந்தால் "லிஸ்ட்டில் இல்லை" என்ற எரர் வரும், கண்ணெதிரே இருக்கிற உறுப்பை இல்லை என்று சொல்லும்போது பயமாக இருக்கும், ஆனால் காரணம் இதுதான். சார்ட்டட் போட்டால் பழைய லிஸ்ட் தொடப்படாமல் இருக்கும், பிரச்சினை தீர்ந்துவிடும்.

## வெளி லிஸ்ட் வரிசையாகிவிட்டது, உள்ளே இருப்பது அப்படியே இருக்கிறது

[[3, 1, 2], [9, 7], [1, 8, 4]] என்பதைச் சார்ட் செய்தால் [[1, 8, 4], [3, 1, 2], [9, 7]] வரும். உள் லிஸ்ட்டுகள் ஒன்றோடொன்று ஒப்பிடப்பட்டு இடம் மாறின, அவற்றின் உள்ளே யாரும் கை வைக்கவில்லை. உள்ளேயும் வேண்டுமென்றால் ஒவ்வொரு உள் லிஸ்ட்டையும் முதலில் சார்ட்டட் செய்து, அதற்கு அப்புறம் வெளியே செய்யுங்கள். இந்த முன்பின் முக்கியம். வெளியே முதலில் செய்தால், பிறகு உள்ளே செய்யும்போது ஒவ்வொன்றின் முதல் உறுப்பும் மாறிவிடும், நீங்கள் வெளியே போட்ட வரிசைக்கு அர்த்தம் இல்லாமல் போகும்.

இதோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு அறிகுறி: பிரதி எடுத்துத்தான் சார்ட் செய்தேன், மூல லிஸ்ட்டும் மாறிவிட்டது. வெளி லிஸ்ட்டை மட்டும் பிரதி எடுத்தால் உள் லிஸ்ட்டுகள் இரண்டுக்கும் பொதுவாகத்தான் இருக்கும். பிரதியின் உள்ளே சார்ட் செய்தால் மூலத்தின் உள்ளேயும் அது நடந்துவிடும். உள்ளே சார்ட் போடாமல் சார்ட்டட் போட்டுப் புது லிஸ்ட்டுகளாகக் கட்டுங்கள், அது போதும். உள்ளே இருப்பதையும் சேர்த்துப் பிரதி எடுக்கும் டீப்காப்பி கடைசி வழி, பெரிய தரவில் மெதுவாக இருக்கும்.

## 10 வந்து 9-க்கு முன்னால் நிற்கிறது

எண்ணாக இருக்க வேண்டியது ஸ்ட்ரிங்காக இருக்கிறது. சிஎஸ்வி கோப்பிலிருந்து படித்தால் எல்லாமே ஸ்ட்ரிங்தான். கீயில் இன்ட் போட்டு மாற்றுங்கள், சுற்றியிருக்கும் இடைவெளியை இன்ட்டே பார்த்துக்கொள்ளும். ஆயிரத்துக்கு நடுவில் காற்புள்ளி இருந்தால் அதை முதலில் எடுத்துவிட வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் நிஜமான எண்களே இருந்தாலும் இப்படித்தான் வரும். ஒப்பிடும் ஃபங்ஷன் கொடுக்காவிட்டால் அதன் சார்ட் எல்லாவற்றையும் ஸ்ட்ரிங்காக மாற்றித்தான் ஒப்பிடும். [9, 10, 85] என்பது 10, 85, 9 ஆகும். அரேக்குள் அரே இருந்தால் அது காற்புள்ளி போட்டு ஒட்டிய ஸ்ட்ரிங்காக மாறும், எனவே [10, 2] என்பது [9, 1]-க்கு முன்னால் வரும். ஃபங்ஷன் கொடுங்கள், வேறு வழியில்லை.

தேதியாக இருந்தால் இதே நோய் வேறு முகத்தில் வரும். 05-11-2023 என்ற மாதிரி நாள் முதலில் இருக்கும் ஸ்ட்ரிங்குகள் நாளை வைத்து வரிசையாகும், வருடம் கடைசியாகத்தான் பார்க்கப்படும். 2023-11-05 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில், இரண்டு இலக்கமாக எழுதியிருந்தால் ஸ்ட்ரிங்காகவே சரியாக வரும். இல்லையென்றால் தேதியாக மாற்றிவிட்டுச் சார்ட் செய்யுங்கள்.

"பாடம் 2", "பாடம் 10" என்று எழுத்தும் எண்ணும் கலந்திருந்தால் ரெகெக்ஸ் ஸ்பிளிட்டில் எண் பகுதியைப் பிடிப்புக் குழுவாகப் போட்டுப் பிரியுங்கள். அப்போது எழுத்து, எண், எழுத்து, எண் என்று மாறி மாறித்தான் துண்டுகள் வரும், எண்ணில் தொடங்கினால்கூட முன்னால் ஒரு வெற்று ஸ்ட்ரிங் வந்து நிற்கும். அதனால் எண் துண்டுகளை மட்டும் இன்ட் ஆக்கினால் ஒரே இடத்தில் எழுத்தும் எண்ணும் மோதவே மோதாது. 1.10.2 மாதிரி பதிப்பு எண்களுக்கு இதுகூட வேண்டாம், புள்ளியில் பிரித்து இன்ட் ஆக்கிய லிஸ்ட்டையே கீயாகக் கொடுங்கள்.

## டைப் எரர்: இரண்டுக்கும் நடுவே "சிறியது" குறி செல்லாது என்கிறது

எரர் வரியின் கடைசியில் எந்த இரண்டு வகைகள் மோதின என்று இருக்கும். அதைப் படியுங்கள், அங்கேதான் கிளை பிரிகிறது.

### இன்ட்டும் ஸ்ட்ரிங்கும்

அந்த இடத்தில் எந்த வகை எத்தனை முறை வருகிறது என்று கவுண்டர் வைத்து எண்ணிவிடுங்கள். 4,998 இன்ட், 2 ஸ்ட்ரிங் என்று வந்தால் அந்த இரண்டை மட்டும் எடுத்துப் பாருங்கள், "இல்லை", "-" என்று யாரோ கையால் போட்டிருப்பார்கள். எல்லாவற்றையும் ஸ்ட்ரிங் ஆக்கி எரரை வாயடைக்க வேண்டாம், அப்படிச் செய்தால் 10-ம் 9-ம் பிரச்சினைக்குத்தான் போய்ச் சேருவீர்கள். பைத்தான் 2-இல் எழுதிய பழைய புரோகிராமை 3-க்குக் கொண்டுவந்த பிறகு இது வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். 2-இல் எண்ணையும் எழுத்தையும் ஒப்பிட்டால் ஏதோ ஒரு வரிசை வந்துவிடும், 3 அதை அனுமதிக்காது. பிழை அப்போதும் இருந்தது, இப்போதுதான் வெளியே தெரிகிறது.

### நன்

மதிப்பு இல்லாதவை கடைசியில் வரட்டும் என்றால், கீ இரண்டு உறுப்புள்ள டியூப்பிளாக இருக்கட்டும்: முதலாவது "மதிப்பு நன்னா?" என்ற கேள்வியின் விடை, இரண்டாவது அந்த மதிப்பு. ஃபால்ஸ் முன்னால், ட்ரூ பின்னால் வரும், அதனால் நன் எல்லாம் கடைசியில் சேரும். முன்னால் வேண்டுமென்றால் கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். நன்னுக்குப் பதில் 0 என்று வைத்து ஒப்பேற்றுவது எனக்குப் பிடிக்காது, உண்மையிலேயே 0 வாங்கியவரோடு அது கலந்துவிடும்.

### டிக்ஷனரியும் டிக்ஷனரியும்

இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது மாதக்கணக்கில் ஒளிந்திருந்து ஒரு நாள் வரும். ஒரு மதிப்பெண் பட்டியலில் உள் லிஸ்ட் ஒவ்வொன்றும் இப்படி இருந்தது: முதலில் மதிப்பெண், அடுத்து அந்த மாணவரின் விவரங்கள் அடங்கிய டிக்ஷனரி. கீ எதுவும் கொடுக்காமல் சார்ட் செய்திருந்தார்கள். மதிப்பெண்கள் வேறு வேறாக இருந்த வரைக்கும் முதல் இடத்திலேயே முடிவு தெரிந்துவிட்டது, இரண்டாவது இடத்தை யாரும் பார்க்க வேண்டி வரவில்லை. ஒரு முறை இரண்டு பேர் 87 வாங்கினார்கள். முதல் இடம் சமம், அடுத்த இடத்துக்குப் போனது, அங்கே இரண்டு டிக்ஷனரிகள், அவற்றில் எது சிறியது என்று பைத்தானுக்குத் தெரியாது, மொத்தமும் நின்றுவிட்டது. புரோகிராமில் யாரும் எதையும் மாற்றவில்லை, அதனால் எல்லோரும் சர்வரைச் சந்தேகப்பட்டார்கள்.

சரிசெய்வது ஒரு வரி வேலை: முதல் இடத்தை மட்டும் தருகிற கீ கொடுங்கள். கீ கொடுக்க முடியாத இடங்களில், சிறியதை முதலில் எடுத்துத் தரும் ஹீப்க்யூவில் உறுப்பைச் சேர்ப்பது மாதிரி, மதிப்பெண்ணுக்கும் டிக்ஷனரிக்கும் நடுவே ஓடும் எண் ஒன்றைச் செருகுங்கள். எண் ஒருபோதும் சமமாகாது, ஒப்பீடு டிக்ஷனரி வரை போகவே போகாது. உங்களிடம் கீ இல்லாமல் உள் லிஸ்ட்டுகளை நேரடியாக ஒப்பிடுகிற சார்ட் இருந்தால், எரர் வருவதற்கு முன்பே போய் கீ போட்டுவிடுங்கள்.

### இன்ட்டும் லிஸ்ட்டும்

ஆழம் ஒரே மாதிரி இல்லை, [3, [1, 2], 5] என்பது போல. தனி எண்ணை ஓர் உறுப்புள்ள லிஸ்ட்டாகச் சுற்றித் தருகிற கீ எழுதுங்கள், எல்லாம் லிஸ்ட்டாகிவிடும். இது அடிக்கடி வந்தால் தரவு உருவாகிற இடத்தில் ஏதோ தவறு.

## இண்டெக்ஸ் எரர்

ஏதோ ஓர் உள் லிஸ்ட் மற்றவற்றைவிடச் சிறியது. கோப்பின் கடைசியில் இருக்கும் வெற்று வரிதான் பத்தில் எட்டு முறை காரணம். உள் லிஸ்ட்டுகளின் நீளங்களைக் கவுண்டரில் போட்டு எண்ணுங்கள், வேறுபடுவது உடனே தெரியும். நீளம் நிறைய விதமாக இருந்தால் சார்ட்டை விட்டுவிட்டு, கோப்பு பிரிக்கப்படும் இடத்தைப் பாருங்கள். மேற்கோளுக்குள் காற்புள்ளி இருக்கும் வரியைக் காற்புள்ளியில் கையால் பிரித்திருப்பார்கள், சிஎஸ்வி மாட்யூல் வைத்துப் படித்தால் சரியாகிவிடும்.

## ஒன்று இறங்குவரிசை, இன்னொன்று ஏறுவரிசை வேண்டும், இரண்டும் திரும்பிவிடுகின்றன

மதிப்பெண் அதிகமானவர் முன்னால், சமமாக இருந்தால் பெயர் அகரவரிசையில். ரிவர்ஸ் போட்டால் பெயரும் தலைகீழாகிவிடும். மதிப்பெண் எண்தானே, கீயில் அதற்கு முன்னால் கழித்தல் குறி போடுங்கள், பெயரை அப்படியே விடுங்கள், ரிவர்ஸை எடுத்துவிடுங்கள்.

இறங்க வேண்டியது ஸ்ட்ரிங் என்றால் கழித்தல் குறி செல்லாது. அப்போது இரண்டு முறை சார்ட் செய்யுங்கள், முக்கியம் குறைந்ததை முதலில், முக்கியமானதைக் கடைசியில். பைத்தான் சார்ட் சமமானவற்றின் முன்பின்னைக் குலைக்காது, டிம் பீட்டர்ஸ் 2002-இல் எழுதிய டிம்சார்ட் வந்ததிலிருந்து அப்படித்தான், ரிவர்ஸ் ட்ரூ கொடுத்தாலும் அது காப்பாற்றப்படும். ஆனால் சார்ட் செய்த பிறகு லிஸ்ட்டை ரிவர்ஸ் கட்டளையால் திருப்பினால் சமமானவையும் சேர்ந்து திரும்பிவிடும். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், விளைவு வேறு.

## "சிறியது, நடுத்தரம், பெரியது" என்று கேட்டேன், அகரவரிசையில் வருகிறது

சொல்லுக்கு எண் கொடுக்கும் டிக்ஷனரி ஒன்று வைத்துக்கொண்டு கீயில் அந்த எண்ணைத் தாருங்கள். வரிசை லிஸ்ட்டில் இண்டெக்ஸ் தேடுவதும் வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு உறுப்புக்கும் தலையிலிருந்து தேடும். டிக்ஷனரியில் இல்லாத சொல் வந்தால் கீ எரர் வரும். கெட் போட்டுப் பெரிய எண் கொடுத்தால் தெரியாதவை கடைசிக்குப் போகும், ஆனால் அப்படிப் போனவற்றை ஒரு முறை பிரிண்ட் செய்து பாருங்கள், எழுத்துப் பிழையோடு வந்த "நடுதரம்" அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

## பிள்ளை ஒரு பக்கம், பெற்றோர் ஒரு பக்கம்

பகுதி, அதற்குள் அத்தியாயம், அதற்குள் பிரிவு என்று மரம் போன்ற தரவு. பெயரை வைத்துச் சார்ட் செய்ததும் எல்லாம் கலந்துவிடுகிறது, ஒரு பகுதியின் அத்தியாயம் வேறு பகுதிக்குக் கீழே போய் நிற்கிறது.

தரவு நிஜமாகவே லிஸ்ட்டுக்குள் லிஸ்ட்டாக இருந்தால், ["பகுதி 2", [["அத்தியாயம் 3", []], ["அத்தியாயம் 1", []]]] என்பது போல, தன்னைத்தானே கூப்பிடும் ஃபங்ஷன் ஒன்று போதும். ஒவ்வொரு உறுப்பின் பிள்ளை லிஸ்ட்டுக்கும் தன்னையே கூப்பிட வேண்டும், அது முடிந்ததும் இந்த மட்டத்தைச் சார்ட் செய்ய வேண்டும். பிள்ளைகள் முதலில் என்பதைக் கைவிடாதீர்கள். இன்று பெயரை வைத்துச் சார்ட் செய்கிறீர்கள், நாளை பிள்ளைகளில் முதலாவதாக வருவதை வைத்துப் பெற்றோரை வரிசைப்படுத்தச் சொல்வார்கள், அப்போது கீழிருந்து மேலே வந்தால்தான் விடை சரியாக இருக்கும்.

தரவு தட்டையாக, ஒவ்வொரு வரியிலும் தன் எண்ணும் பெற்றோர் எண்ணும் இருந்தால், வேரிலிருந்து தன் வரைக்கும் உள்ள பாதையைக் கீயாகக் கொடுங்கள். [2], [2, 1], [2, 3], [3] என்று பாதைகள் இருந்தால் சார்ட் தானாகவே பெற்றோரை முன்னாலும் பிள்ளைகளை அதன் பின்னாலும் வைக்கும், குட்டையான லிஸ்ட் நீளமானதன் தொடக்கமாக இருந்தால் குட்டையானதுதான் முதலில். இதில் இரண்டு குழிகள் உண்டு. பாதையில் பெயரை மட்டும் வைத்தால், ஒரே பெற்றோருக்குக் கீழே "முன்னுரை" என்று இரண்டு இருக்கும்போது இரண்டின் பிள்ளைகளும் கலந்துவிடும், அதனால் ஒவ்வொரு மட்டத்திலும் பெயரோடு அதன் எண்ணையும் சேர்த்து வையுங்கள். இரண்டாவது, இறங்குவரிசை வேண்டும் என்று ரிவர்ஸ் போட்டால் பிள்ளைகள் பெற்றோருக்கு மேலே ஏறிவிடுவார்கள். இறங்குவரிசைக்குப் பாதையைக் கைவிட்டு, பெற்றோர் எண்ணுக்கு ஒரு லிஸ்ட் என்று பிரித்து, ஒவ்வொரு குழுவையும் தனியாகச் சார்ட் செய்து, மேலிருந்து நடந்து வாருங்கள்.

ரிகர்ஷன் எரர் வந்தால் ஆழம் ஆயிரத்தை நெருங்குகிறது என்று அர்த்தம், பைத்தானின் இயல்பான எல்லை 1000. எல்லையை ஏற்றுவதற்கு முன் தரவைப் பாருங்கள். ஆயிரம் மட்ட ஆழம் உள்ள நிஜமான மரத்தை நான் பார்த்தது குறைவு, யாரோ ஓர் உறுப்பைத் தன் பேரனுக்கே பிள்ளையாக்கியிருப்பார்கள். போகும் வழியில் பார்த்த எண்களை செட்டில் போட்டுக்கொண்டே போங்கள், ஏற்கெனவே பார்த்த எண் திரும்ப வந்தால் அதுதான் ஆள்.

## தமிழ்ச் சொற்கள் அகராதி வரிசையில் வரவில்லை

மயில், மலை, மழை, மறை, மனை. அகராதியில் இந்த வரிசைதான். சாதாரண சார்ட் தருவது: மனை, மயில், மறை, மலை, மழை. ஸ்ட்ரிங் ஒப்பீடு யூனிகோட் எண்ணை வைத்து நடக்கிறது, அங்கே ன என்பது ந-வுக்கு அடுத்தும், ற என்பது ர-வுக்கு அடுத்தும், ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னாலும் இருக்கின்றன. ஃ போய் அ-வுக்கும் முன்னால் நிற்கிறது. புள்ளியின் எண் எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருப்பதால் "பட்டம்" என்பது "படை"க்கும் பின்னால் போய்விடும்.

ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்ட்டல் கொலேட்டருக்கு (மொழிக்கேற்ற வரிசையில் ஒப்பிடும் கருவி) மொழி தமிழ் என்று சொல்லி அதன் ஒப்பீட்டைக் கொடுங்கள். பைத்தானில் பைஐசியு நிறுவி அதன் கொலேட்டர் தரும் சார்ட் கீயைக் கீயாகக் கொடுங்கள். நிறுவ முடியாத இடத்தில் க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து, சொல்லை எண்களின் லிஸ்ட்டாக மாற்றும் கீ எழுதலாம். பட்டியல் சிறியது, சொற்கள் எளியவை என்றால் அது போதும். ஜ, ஷ, ஸ, ஹ எங்கே வரவேண்டும், புள்ளி எழுத்து எங்கே வரவேண்டும் என்று கேள்விகள் வரத் தொடங்கினால் கையால் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கொலேட்டருக்கே போய்விடுங்கள்.

ஒரே சொல் இரண்டு இடத்தில் தனித்தனியாக வருகிறதா? "கொடி" என்பதில் கொ-வை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் துணைக்காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. நீளத்தைப் பிரிண்ட் செய்தால் ஒன்று 4, இன்னொன்று 5 என்று காட்டும். படித்ததும் யூனிகோட் நார்மலைஸ் செய்து என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

## ஒப்பிடும் ஃபங்ஷன் எழுதினேன், சில நேரம் சரி, சில நேரம் தப்பு

ஜாவாஸ்கிரிப்ட்டில் "அ பெரியதா?" என்று ட்ரூ, ஃபால்ஸ் மட்டும் திருப்பித் தருகிறதா? அது 1, 0 ஆகத்தான் கணக்கில் வரும், சிறியது என்று சொல்ல எதிர்ம எண் வருவதே இல்லை. குரோம் 70, 2018-இல் சார்ட் முறையை மாற்றும் வரை பத்து உறுப்புகள் வரை உள்ள அரேக்களில் இது தப்பித்துக்கொண்டிருந்தது, அதனால் பழைய கோட்டில் இன்னும் நிறைய இருக்கிறது. எதிர்மம், பூஜ்யம், நேர்மம் என்று மூன்றையும் தாருங்கள்.

ஜாவாவில் ஒப்பீட்டு முறை தன் ஒப்பந்தத்தை மீறுகிறது என்ற எரர் வந்தால், முதலில் கழித்தல் வைத்து ஒப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். 2147483647-இலிருந்து -1-ஐக் கழித்தால் இன்ட் நிரம்பி வழிந்து எதிர்ம எண்ணாகிவிடும். இன்டீஜர் கம்பேர் பயன்படுத்துங்கள். அது இல்லையென்றால் சமமான இரண்டுக்கு 0 தராமல் விட்டிருப்பீர்கள். 32-க்குக் குறைவான உறுப்புகளில் இந்தச் சோதனை நடப்பதில்லை, அதனால்தான் சின்ன டெஸ்ட்டில் எல்லாம் பச்சையாக இருந்தது.

சி பிளஸ் பிளஸ்ஸில் எரர்கூட வராது, புரோகிராம் விழுந்துவிடலாம். "சிறியது அல்லது சமம்" என்று எழுதியிருந்தால் "சிறியது" என்று மட்டும் மாற்றுங்கள்.

## எண்கள்தான், இருந்தாலும் நடுவில் குலைந்திருக்கிறது

நான் என்கிற "எண் இல்லை" மதிப்பு எங்கோ இருக்கிறது. அதை எதோடு வைத்துச் சிறியதா, பெரியதா, சமமா என்று கேட்டாலும் ஃபால்ஸ்தான் வரும். 3, நான், 1 என்ற லிஸ்ட்டைச் சார்ட் செய்து பாருங்கள், அப்படியே திரும்பி வரும். நன்னுக்குச் செய்த அதே டியூப்பிள் வழிதான், "ஈஸ்நான்" கேள்வியை முதல் இடத்தில் வையுங்கள்.

## சமமானவை ஒவ்வொரு முறையும் இடம் மாறுகின்றன

பைத்தான் சார்ட் அப்படிச் செய்யாது, ஜாவாஸ்கிரிப்ட்டிலும் 2019 தரநிலையிலிருந்து செய்யக்கூடாது. அப்படியானால் சார்ட்டுக்குள் நுழையும்போதே வரிசை மாறி வருகிறது: செட்டிலிருந்து எடுத்திருப்பீர்கள், அல்லது ஆர்டர் பை இல்லாத டேட்டாபேஸ் கேள்வியிலிருந்து. கீயின் கடைசியில் ஒருபோதும் சமமாகாத ஓர் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். சி பிளஸ் பிளஸ்ஸில் ஸ்டேபிள் சார்ட் தனியாக இருக்கிறது, சாதாரணச் சார்ட்டிடம் இதை எதிர்பார்க்காதீர்கள்.

## சரியாக வருகிறது, ஆனால் ரொம்ப மெதுவாக

கீ ஓர் உறுப்புக்கு ஒரு முறைதான் ஓடும். ஒப்பிடும் ஃபங்ஷன் அப்படி இல்லை, 10 லட்சம் உறுப்புகள் கலைந்து கிடந்தால் கிட்டத்தட்ட 2 கோடி முறை ஓடலாம். ஒப்பிடும் ஃபங்ஷனைக் கீயாகச் சுற்றித் தரும் சிஎம்பி டு கீ போட்டுப் பழைய ஃபங்ஷனை இழுத்துக்கொண்டு வந்திருந்தால் அதைக் கீயாக மாற்றி எழுதுங்கள். கீக்குள் கோப்பு திறப்பது, டேட்டாபேஸ் கேட்பது இருந்தால் வெளியே எடுத்து முன்கூட்டியே டிக்ஷனரியில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் பத்து மட்டும் வேண்டும் என்றால் முழுதும் சார்ட் செய்யவே வேண்டாம், ஹீப்க்யூவின் என்ஸ்மாலஸ்ட் அல்லது என்லார்ஜஸ்ட் போதும்.

## எப்போது இன்னொருவரைக் கூப்பிட வேண்டும்

தரவு மெமரிக்குள் அடங்கவில்லை என்றால் டேட்டாபேஸ் பார்ப்பவரிடம் போங்கள். சரியான இண்டெக்ஸ் இருந்தால் ஆர்டர் பை அங்கேயே முடித்துத் தரும், நீங்கள் கோப்பைத் துண்டு போட்டுச் சார்ட் செய்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

கோட் சரி, கீயும் சரி, ஆனால் "இது தப்பு" என்று பயனர் சொல்கிறார் என்றால், தரவுக்குச் சொந்தக்காரரை உட்கார வைத்துப் பத்து உறுப்புகளைக் காகிதத்தில் அவர் கையாலேயே வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். சமமாக வந்தால் எது முன்னால், காலியாக இருந்தால் எங்கே என்று அவர் தயங்குகிற இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த விதியை நீங்களாக ஊகித்துக் கீயில் எழுதிவிடாதீர்கள், அவர் எழுதிய அந்தப் பத்தையே டெஸ்ட்டாகச் சேர்த்துவிடுங்கள்.

இரண்டும் இல்லை, இருந்தும் பிழை போகவில்லை என்றால் லிஸ்ட்டைப் பாதியாக வெட்டுங்கள், எந்தப் பாதியில் பிழை வருகிறதோ அதைத் திரும்ப வெட்டுங்கள். ஆயிரம் உறுப்பு பத்து வெட்டில் ஒன்றிரண்டுக்கு வந்துவிடும். அந்த ஒன்றிரண்டையும், ரெப்ர் போட்ட கீயையும், எரரின் முழு வாசகத்தையும், மொழியின் பதிப்பு எண்ணையும் எடுத்துக்கொண்டு உங்களைவிட அனுபவம் உள்ளவரிடம் போங்கள், அவர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.